‘கவனக்குறைவு’ என்று எழுதி மூடிவிடாதீர்கள்

மாதிரித் தேர்வு எழுதி, ஆன்சர் கீயை வைத்துத் திருத்தி, தப்பான கேள்விகளுக்குப் பக்கத்தில் ‘கவனக்குறைவு’ என்று எழுதி நோட்டை மூடிவிடுகிற பழக்கம் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பலரிடம் இருக்கிறது. ‘சில்லி மிஸ்டேக்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. பார்ப்பதற்குத் தப்பை நேர்மையாக ஒத்துக்கொண்ட மாதிரிதான் தெரியும். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ‘எனக்கு இது தெரியும், கை தவறிவிட்டது’ என்கிற சமாதானம் உட்கார்ந்திருக்கிறது. தெரிந்த விஷயத்தில் படிக்க என்ன இருக்கிறது? ‘அடுத்த தடவை கவனமா இருக்கணும்’ என்பதோடு வேலை முடிந்தது. அடுத்த டெஸ்டில் அதே தப்பு வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும்.

ஒரு கணக்கைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரு பொருளின் விலை 20% ஏறிவிட்டது. பழைய விலைக்கே வர எத்தனை சதவீதம் குறைக்க வேண்டும்? 20 என்று போட்டால் தப்பு. 100 ரூபாய் 120 ஆகியிருக்கிறது; குறைக்க வேண்டிய 20 ரூபாய், 120-இல் எத்தனை சதவீதம் என்பதுதான் கேள்வி. விடை 16 2/3. இதை ‘கவனக்குறைவு’ என்று எழுதியவர், அடுத்த மாதம் ‘விலையை 10% ஏற்றி, பிறகு 10% தள்ளுபடி கொடுத்தால் லாபமா நட்டமா’ என்ற கேள்விக்கு ‘இரண்டும் இல்லை’ என்று போடுவார். 100, 110 ஆகி, 99-க்கு இறங்கும், 1% நட்டம். அதற்கடுத்து ‘ராமுவின் சம்பளம் சோமுவைவிட 25% அதிகம், சோமுவின் சம்பளம் ராமுவைவிட எத்தனை சதவீதம் குறைவு’ என்று வந்தால் 25 என்று போடுவார். விடை 20.

மூன்று டெஸ்ட், மூன்று ‘கவனக்குறைவு’. உள்ளே இருப்பது ஒரே நம்பிக்கை: ‘சதவீதம் என்பது ஒரு எண்; ஏறினதும் இறங்கினதும் ஒன்றானால் சரிக்குச் சரி.’ கை எங்கேயும் தவறவில்லை. மனசு நம்பியதைத்தான் கை எழுதியது. ‘எதில் 20 சதவீதம்?’ என்று கேட்கிற பழக்கம் வருகிறவரை இந்த வகைக் கணக்கு ஒவ்வொன்றும் தப்பாகிக்கொண்டேதான் இருக்கும்.

‘சில்லி மிஸ்டேக்’ என்று சொல்லிக்கொள்ள ஏன் இவ்வளவு ஆசை என்பதற்கு ஒரு பழைய ஆய்வில் பாதி விடை இருக்கிறது. 1998-இல் கிளாடியா முல்லர், கரோல் ட்வெக் என்ற உளவியலாளர்கள் வெளியிட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதலில் நடுத்தரமான புதிர்கள் கொடுத்தார்கள். முடித்ததும் ஒரு பிரிவிடம் ‘நீ புத்திசாலி’ என்றும், இன்னொரு பிரிவிடம் ‘நல்லா உழைத்திருக்கிறாய்’ என்றும் பாராட்டினார்கள். அடுத்து வேண்டுமென்றே கடினமான புதிர்கள் கொடுத்துத் தோற்க வைத்தார்கள். மூன்றாவதாக மறுபடி நடுத்தரமான புதிர்கள். ‘புத்திசாலி’ பாராட்டு வாங்கிய பிள்ளைகள் முதல் சுற்றில் செய்ததைவிட மோசமாகச் செய்தார்கள். ‘உழைத்தாய்’ பிரிவு முன்னேறியது. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கப்புறம் நடந்தது. வேறொரு பள்ளிப் பிள்ளைக்குத் தங்கள் மதிப்பெண்ணை எழுதச் சொன்னபோது, ‘புத்திசாலி’ பிரிவில் ஐந்தில் இரண்டு பேர் அளவுக்கு மதிப்பெண்ணைத் திரித்து எழுதினார்கள். அவர்கள் முகமே தெரியாத ஒரு பிள்ளைக்கு!

ஆக, ‘எனக்கு மேத்ஸ் வராது’ என்கிறவருக்கு மட்டுமல்ல, ‘நான் நல்லாப் படிக்கிற ஆள்’ என்கிறவருக்கும் தப்பு ஆபத்தானதுதான். முதல் ஆள் தப்பைப் பார்த்ததும் ‘அதான் சொன்னேனே’ என்று விட்டுவிடுவார். இரண்டாவது ஆள் ‘கவனக்குறைவு’ என்று எழுதி மறைத்துவிடுவார். இரண்டு பேருமே அந்தத் தப்பைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். திறமை பிறவியிலேயே முடிவானதில்லை, உழைத்தால் வளரும் என்கிற ‘வளர்ச்சி மனப்பான்மை’யைப் போஸ்டர் அடித்து ஒட்டினால் மார்க் கொட்டும் என்று பேசுகிறார்கள். ஆய்வுகள் அவ்வளவு தாராளமாக இல்லை. அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை வைத்து நடந்து 2019-இல் வெளியான பெரிய ஆய்வில், இதைச் சொல்லித்தரும், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஆன்லைன் பயிற்சியால் பின்தங்கிய மாணவர்களின் சராசரி, 4 புள்ளி அளவுகோலில் 0.1 உயர்ந்தது. ஒரு மணி நேரத்துக்கு அது மோசமில்லை, அற்புதமும் இல்லை. கூடப் படிக்கிறவர்களும் கடினமான கேள்வியை எடுத்துப் பார்க்கிற பள்ளிகளில் பலன் கூடுதலாக இருந்தது. என் கணக்கில், ‘என்னால் முடியும்’ என்று காலையில் எழுந்து சொல்லிக்கொள்வதற்கு மதிப்பு குறைவு. டெஸ்ட் முடிந்த அடுத்த இரண்டு மணி நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் உங்கள் நம்பிக்கை என்னவென்று தெரியும்.

அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றித்தான் இனி.

குரூப் 4 தேர்வையே எடுத்துக்கொள்கிறேன். 200 கேள்விகள், 300 மதிப்பெண், 3 மணி நேரம். தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. தப்பான விடைக்கு மார்க் குறைப்பதில்லை. அதனால் தெரியாததற்கும் எல்லோரும் ஏதோ ஒரு வட்டத்தைக் கருப்பாக்கிவிட்டுத்தான் வருவார்கள். செய்ய வேண்டியதும் அதுதான். ஆனால் பயிற்சித் தேர்வில் இதனால் ஒரு குழப்பம் வருகிறது: உங்கள் மார்க்குக்குள் அதிர்ஷ்டம் கலந்துவிடுகிறது.

40 கேள்விக்குக் குருட்டாம்போக்கில் குறித்தீர்கள் என்று வையுங்கள். சராசரியாக 10 சரியாக விழும், 15 மார்க். ஒரு தடவை 7 விழும், இன்னொரு தடவை 13 விழும், இரண்டும் சாதாரணம். 7 என்றால் 10.5 மார்க், 13 என்றால் 19.5. ஒரு எழுத்துகூடப் புதிதாகப் படிக்காமலே இரண்டு டெஸ்டுக்கு நடுவில் 9 மார்க் ஏறலாம், இறங்கலாம். இந்த 9 மார்க்கைப் பார்த்துத்தான் டெலிகிராம் குரூப்பில் ஒருவர் ஆட்டம் போடுகிறார், இன்னொருவர் ‘எனக்கு இந்தப் படிப்பெல்லாம் சரிப்படாது’ என்று ஒரு வாரம் புத்தகத்தைத் தொடாமல் கிடக்கிறார்.

இதிலிருந்து தப்பிக்க ஒரே வழி, எழுதும்போதே உறுதியைக் குறித்துவைப்பது. வினாத்தாளில் கேள்வி எண்ணுக்குப் பக்கத்தில், நிச்சயம் தெரிந்தால் டிக், பாதி நிச்சயம் என்றால் ஒரு புள்ளி, ஊகம் என்றால் கேள்விக்குறி. ஒரு கேள்விக்கு ஒரு நொடி; 200 கேள்விக்கு மூன்று நான்கு நிமிடம் போகும். பயிற்சியில் மட்டும் போதும். முடித்ததும் டிக் போட்டுச் சரியானவற்றை மட்டும் எண்ணி 1.5-ஆல் பெருக்குங்கள். அதுதான் உங்கள் உண்மையான மார்க். மாதாமாதம் அதை மட்டும் தேதியோடு எழுதி வாருங்கள். மொத்த மார்க்கைவிட அது குறைவாகத்தான் இருக்கும், பார்க்கக் கொஞ்சம் வலிக்கும். ஆனால் படித்ததற்கேற்ப நகரும்.

திருத்தும்போது பெரும்பாலோர் செய்கிற தப்பு, கீயையும் விளக்கத்தையும் ஒரே மூச்சில் பார்த்துவிடுவது. விடையைப் பார்த்த நொடியில் ‘அட, இது தெரியுமே’ என்று தோன்றும். தெரியாது. பார்த்ததும் தெரிந்த மாதிரி தோன்றுவது மூளையின் வழக்கம். அதனால் முதல் சுற்றில் ‘சரி, தப்பு’ மட்டும் போட வேண்டும், அதையும் வேறொருவர் போட்டால் நல்லது. எட்டாவது படிக்கிற தம்பி போதும், கீயைக் கையில் கொடுத்துவிடுங்கள். தப்பென்று வந்தவற்றை மறுபடி, கடிகாரம் பார்க்காமல், போட்டுப் பாருங்கள். புது விடையைச் சொன்னால் மட்டும் போதாது. ஒரு வரியில் காரணமும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் மிச்சமுள்ள மூன்றில் ஒன்றைக் குத்துமதிப்பாகச் சொல்லிவிட்டு ‘பாத்தியா, தெரியுது’ என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம்.

நேரம் கிடைத்தபோது காரணத்தோடு சரியாக வந்தால், விஷயம் தெரியும். வேகத்திலோ வாசிப்பிலோ கோளாறு. அப்போதும் வரவில்லை என்றால், ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை அந்தக் கேள்விக்குப் பயன்படுத்த உங்களுக்கு உரிமை இல்லை.

இப்படிப் பிரித்தால் தப்புகள் நாலு விதமாக விழும். அவற்றை எழுத ஒரு தனி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாடத்தையே படிக்கவில்லை என்பது ஒன்று. இதற்கு நோட்டில் இடம் கொடுக்காதீர்கள். பாடத்தின் பெயரைப் போட்டு ஒரு கோடு கிழித்தால் போதும். கோடுகள் எங்கே கூடுகின்றனவோ அந்தப் பள்ளிப் புத்தகப் பாடத்தை அடுத்த வாரம் எடுங்கள். படித்தேன், ஞாபகம் வரவில்லை என்பது இரண்டாவது. இதற்கு மறுபடி படிப்பதைவிட மூடிவைத்துக் கேட்டுக்கொள்வதுதான் மருந்து. 2006-இல் ரோடிகரும் கார்பிக்கியும் செய்த சோதனையில், ஒரு பத்தியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதம் நினைவில் வைத்திருக்க, திரும்பப் படித்தவர்களிடம் 42 சதவீதம்தான் மிஞ்சியிருந்தது.

மூன்றாவது, குழப்பம். ஒன்றை இன்னொன்றாக நினைப்பது, அல்லது தப்பான ஒன்றை உறுதியாக நம்புவது. நோட்டு முழுக்க முழுக்க இதற்காகத்தான். அதிலும் டிக் போட்டுத் தப்பானவை தங்கச் சுரங்கம். எவ்வளவு உறுதியாக இருந்து தவறினோமோ, திருத்தம் அவ்வளவு ஆழமாகப் பதியும் என்று பட்டர்ஃபீல்டும் மெட்காஃபும் 2001-இல் காட்டினார்கள். சுருக்கென்று ஒரு அதிர்ச்சி வருகிறதே, அதன் வேலை. ஆனால் பின்னால் வந்த ஆய்வு ஒன்று இன்னொரு பக்கத்தையும் சொல்கிறது: திருத்திய விடையை மறக்க நேர்ந்தால், ஒரு வாரத்தில் அந்தப் பழைய தப்பான விடையே வந்து நிற்கும். ஒரு தடவை அதிர்ந்தது போதாது, மறுபடி கேட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

நோட்டில் எழுதுகிற முறைக்கு வருவோம். கேள்வியையும் விடையையும் காப்பி அடிக்காதீர்கள். அப்படி எழுதினால் அது இன்னொரு கைடாகிவிடும், கைடுக்கு இங்கே பஞ்சமில்லை. எழுத வேண்டியது மூன்று: நான் நினைத்தது என்ன, இருப்பது என்ன, அடுத்த முறை என்னை நான் கேட்க வேண்டிய கேள்வி என்ன. இதில் முதலாவதை எழுதத்தான் யாருக்கும் கை வராது. அதுதான் முக்கியம்.

தமிழ்ப் பகுதியில் ‘விழிமலர்’ என்பதற்கு உவமைத்தொகை என்று போட்டுத் தப்பாகிவிட்டது என்று வையுங்கள். நோட்டில் இப்படி வரலாம்.

நான் நினைத்தது: மலரும் விழியும் சேர்ந்து வந்தால் உவமைத்தொகை.

இருப்பது: எது முன்னால் என்று பார்க்கணும். மலர்விழி, மலர் போன்ற விழி. உவமை முன்னால், உவமைத்தொகை. விழிமலர், விழியாகிய மலர். உவமை பின்னால், உருவகம்.

கேட்க வேண்டியது: நடுவில் ‘போன்ற’ நிற்கிறதா, ‘ஆகிய’ நிற்கிறதா?

அதற்குக் கீழே கேள்வியில் வராத இரண்டு எடுத்துக்காட்டை நீங்களே போட வேண்டும். மதிமுகம், முகமதி. தேன்தமிழ், தமிழ்த்தேன். இது வந்துவிட்டால் அந்த நம்பிக்கை உண்மையிலேயே மாறிவிட்டது என்று அர்த்தம்.

பொது அறிவில் இதே மாதிரி ஒரு இடம், சொத்துரிமை. அடிப்படை உரிமைகளிலிருந்து அதை நீக்கியது எந்தத் திருத்தம் என்றால் 42 என்று டிக்கோடு போடுகிறவர்கள் நிறைய. நான் நினைத்தது என்ற இடத்தில் ‘42 என்று நினைத்தேன்’ என்று எழுதினால் பிரயோஜனமில்லை. ஏன் 42? அவசரநிலைக் காலம் என்றாலே 42 என்று மனசில் ஒட்டிக்கிடக்கிறது. அந்தக் காலத்தை ஒட்டி எது வந்தாலும் அதன் தலையில் கட்டிவிடுகிறோம். அதை எழுதுங்கள். அப்புறம் வரிசை தானாக வரும்: 1976, அவசரநிலைக்குள், 42-ஆவது திருத்தம், முகவுரையில் சோசலிச, சமயச்சார்பற்ற, ஒருமைப்பாடு என்ற சொற்கள், கூடவே அடிப்படைக் கடமைகள். 1977 ஆட்சி மாற்றம். 1978, 44-ஆவது திருத்தம். சொத்துரிமை அடிப்படை உரிமையிலிருந்து போய் 300ஏ பிரிவில் சட்ட உரிமையானது, அவசரநிலைக்கான காரணத்தில் ‘உள்நாட்டுக் குழப்பம்’ போய் ‘ஆயுதக் கிளர்ச்சி’ வந்தது. அடுத்த முறை கேட்க வேண்டியது: இது அவசரநிலைக்குள் செய்ததா, முடிந்தபின் செய்ததா?

நாலாவது வகைதான் உண்மையான கைத்தவறு. அதற்குக்கூட ‘கவனம்’ மருந்தாகாது, ஏதாவது ஒரு செயல்தான் ஆகும். ‘தவறானது எது’, ‘பொருந்தாதது எது’ என்ற கேள்விகளில் முதலில் வருகிற சரியான வாக்கியத்தைப் பார்த்ததும் குறித்துவிடுகிறீர்களா? அந்தச் சொல்லுக்கு அடியில் கோடு போடுங்கள், நாலு விடைக்கும் பக்கத்தில் ச, த என்று எழுதிவிட்டு வட்டத்துக்குப் போங்கள். கூற்று, காரணம் கேள்வியில் இரண்டும் சரியாக இருந்தாலே ‘விளக்கம் சரி’ என்று போட்டுவிடுகிறவர்கள், நடுவில் ‘ஏனெனில்’ போட்டு ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். ஒரு கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததன் விடையை அந்த வட்டத்தில் குறித்து, அதற்கப்புறம் வரிசையே நகர்ந்துபோகிறவர்கள், 10, 20, 30 என்று பத்தாவது கேள்விகளில் எண்ணைச் சரிபாருங்கள். அப்போது நகர்ந்தாலும் பத்துக்குள் அகப்பட்டுவிடும். பயிற்சியையும் ஓஎம்ஆர் தாளில், கருப்பு பால் பாயிண்ட் பேனாவால் செய்யுங்கள். மொபைலில் தொட்டுத் தொட்டு எழுதிப் பழகியவர்களுக்கு 200 வட்டத்தை நிரப்ப எவ்வளவு நேரம் போகிறது என்பது தேர்வறையில்தான் தெரியவருகிறது.

கேள்விக்குறி போட்டு அதிர்ஷ்டத்தில் சரியானவற்றையும் தப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இதை யாரும் செய்வதில்லை. மார்க் கிடைத்த கேள்வியைத் தோண்ட யாருக்கு மனசு வரும்?

‘எனக்கு மேத்ஸ் வராது’ என்கிறவர்களுக்குத் தனியாக. அந்த வாக்கியத்தோடு சண்டை போட வேண்டாம், ‘வரும் வரும்’ என்று தட்டிக்கொடுக்கவும் வேண்டாம். ஒரு கணக்கை எடுத்து எந்த வரியில் நின்றீர்கள் என்று பாருங்கள். 8,000 ரூபாய், 5%, 2 ஆண்டு; கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் வித்தியாசம் என்ன? தனிவட்டி 800 வரை வந்துவிட்டீர்கள். கூட்டுவட்டிக்கு 8,000-ஐ 21/20-ஆல் இரண்டு தடவை பெருக்கணும் என்பதும் தெரிகிறது. 441/400 வந்த இடத்தில் கை நின்றுவிட்டது. அப்படியானால் உங்களுக்கு வராதது மேத்ஸும் இல்லை, வட்டியும் இல்லை, பின்னங்களைச் சுருக்குவது. 8,000-ஐ 400-ஆல் வகுத்தால் 20, அதை 441-ஆல் பெருக்கினால் 8,820. வட்டி 820, வித்தியாசம் 20 ரூபாய். பள்ளிப் புத்தகத்தில் பின்னங்கள் பாடத்தை எடுத்து, தினம் 15 கணக்கு வீதம் பத்து நாள் போட்டால், வட்டி, விகிதம், வேலையும் நாளும் மூன்றுமே சேர்ந்து இளகும். ஆட்கள்-நாட்கள் கணக்கில் தடுமாறுகிறவர்களின் கோளாறு வேறு. 12 பேர் 15 நாளில் முடிக்கிற வேலையை 10 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள் என்றதும் 12.5 என்று வந்தால், ஆள் குறைந்தும் நாள் குறைந்திருக்கிறதே என்று ஒரு நொடி பார்க்காமல் பெருக்கலுக்குள் போய்விட்டார்கள். 12-ஐ 15-ஆல் பெருக்கி 10-ஆல் வகுத்தால் 18. இரண்டு பேருமே ‘வராது’ என்கிறார்கள், இரண்டும் வெவ்வேறு வியாதி.

அளவு பற்றிக் கொஞ்சம். ஒரு டெஸ்டுக்கு 12 பதிவுக்கு மேல் வேண்டாம். 50 தப்பையும் எழுத உட்கார்ந்தால் மூன்றாவது டெஸ்டோடு நோட்டு செத்துப்போகும். டிக் போட்டுத் தப்பானவை முதலில், புள்ளி போட்டவை பிறகு. 3 மணி நேர டெஸ்டுக்கு இரண்டு இரண்டரை மணி நேரம் இதற்கு வேண்டும். அந்த நேரம் இல்லையென்றால் டெஸ்ட் எண்ணிக்கையைக் குறையுங்கள். தினம் ஒரு டெஸ்ட் எழுதி எதையும் பிரிக்காதவரைவிட, வாரம் ஒன்று எழுதிப் பிரிக்கிறவர் பக்கம்தான் நான் பணம் கட்டுவேன். மூன்று கலர் பேனா, ஸ்கேல் வைத்துக் கோடு, இதெல்லாம் நோட்டை அழகாக்கும். அழகான நோட்டை அடித்து எழுத மனசு வராது. 40 பக்க நோட்டும் ஒரு பேனாவும் போதும்.

பதிவு போட்ட 2-ஆம் நாள், 7-ஆம் நாள், 21-ஆம் நாள், ‘இருப்பது’ பகுதியைக் கையால் மூடிக்கொண்டு கடைசி வரியிலுள்ள கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று தடவையும் காரணத்தோடு வந்தால் அந்தப் பதிவைக் குறுக்கே அடித்துவிடலாம். ஒன்றே மூன்று தடவையும் தப்பினால் அதை நாலாவது தடவை உருப்போடாதீர்கள். ‘நான் நினைத்தது’ வரியைத் தப்பாக எழுதியிருக்கிறீர்கள், உண்மையான குழப்பம் வேறெங்கோ இருக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் அந்தப் பாடத்தின் முதல் பக்கத்துக்குப் போய்விட்டு வந்து புதிதாக எழுதுங்கள்.

எழுதுவதற்கு முன் கீ சரிதானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப்பாகச் சுற்றுகிற மாதிரித் தேர்வுகளின் கீயில் தப்பு சகஜம். டிஎன்பிஎஸ்சியே தேர்வு முடிந்ததும் உத்தேச விடைகளை வெளியிட்டு, ஆட்சேபணை வாங்கி, அதற்கப்புறம்தான் இறுதி விடையை முடிவு செய்கிறது. புத்தகத்தில் நீங்கள் போட்டதுதான் சரி என்று இருந்தால், பக்க எண்ணோடு நோட்டில் எழுதிவையுங்கள். தப்பு எப்போதும் நம்முடையதுதான் என்று நம்புவதும் ஒரு கெட்ட பழக்கம்.

கடைசி வாரம் புது டெஸ்ட் வேண்டாம். நோட்டில் அடிக்காமல் மிச்சம் நிற்கிற பதிவுகளை மட்டும் புரட்டுங்கள். ஒழுங்காக அடித்து வந்தவருக்கு அது ஒரு மணி நேரத்து வேலை. தேர்வு மையத்துக்குப் போகிற பஸ்ஸிலேயே முடிந்துவிடும்.